இருநூறு சதவீதம்

ஒப்புதல் படிவம், அறுபது பிரதி வேண்டுமென்று
கம்பெனிப் பையன் வந்தபோது மணி பத்தரை.
மவுண்ட் ரோட்டு மூடுபனி
எதிர்க்கடை வர்க்கித் தட்டைக்கூட விட்டுவைக்கவில்லை.
பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய் என்றேன்.
பேரம் பேசாமல் தலையாட்டினான்.
அப்போதே லேசாக உறுத்தியது.

ஹார்ட்விக் மேன்ஷன் என்று கல்லில் வெட்டியிருக்கிறது.
குன்னூர் வாயில் அது ஆட்டுவீடு.
இருபத்திரண்டு குடித்தனம், என் ஜெராக்ஸோடு நாலு கடை,
தேக்குப் படி பதினேழு.
அதில் ஒன்பதாவது, போன ஆடியில்
டெஸ்மண்டை முழங்கால்வரை விழுங்கிவிட்டது.
ஆகவே ரிப்பேர் வேண்டாமென்று இங்கே யாரும் சொல்லவில்லை.
மழை நாளில் எப்சிபா சிஸ்டர்
வாளியில் சொட்டும் சத்தத்தை வைத்தே
எத்தனை வாளி நிறைந்ததென்று சொல்வாள்,
நைட் டூட்டி முடிந்து வந்து, தூங்காமல்.

முதல் கூட்டத்துக்கு ஒரு மாதிரி கொண்டுவந்தார்கள்.
தெர்மோகோல் சுவர், பஞ்சு மரம்,
விரல்நுனி உயர மனிதர்கள்,
ஒருவர் கையிலும் காய்கறிப் பை இல்லை.
தகரக்கூரை அதே சிவப்பு. ஜன்னல் வளைவு அதே வளைவு.
"பழமை ஒரு துளி மாறாது. பதினெட்டே மாசம்.
எல்லாரும் திரும்பி வரலாம்" என்றார் தரணிபதி சார்.
கைதட்ட நாலு பேரைக் கூட்டி வந்திருந்தார். தட்டினார்கள்.
பெள்ளன் அண்ணன் குனிந்து மாதிரிக்குள் எட்டிப் பார்த்து
"துணி எங்க காயும்?" என்றார்.
சார் சிரித்தார்.
"இதுல என் டீக்கடை எது?" என்றார் ஹம்சா காக்கா.
சார் மறுபடியும் சிரித்தார்.
அந்த இடத்தில் ஒரு பஞ்சு மரம் நின்றது.

திரும்பி.
இந்த வார்த்தையை நான் பிறப்பதற்கு முன்பே
என் வீட்டில் ஒருமுறை வாங்கிவிட்டார்கள்.
ஹட்டன் லயத்தில் அப்பாவின் கையில்
தாயகம் திரும்புகிறாய் என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.
கப்பலிலிருந்து இறங்கி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று,
மலையேறி வந்து மூட்டையை இறக்கியதும்
தாயகம் அவரைக் கேட்ட முதல் கேள்வி:
உனக்கு எந்த ஊர்?

அதனால்தான் காகிதத்தைப் படித்துவிடுவேன்.
மெஷின் சூடாகும் மூன்று நிமிடத்தில்
நாலாம் பக்கம், பதினோராம் வரி,
எறும்பு போகிற மாதிரி எழுத்து:
பணி நிறைவுற்றபின், இடம் இருப்பின்.

அறுபதும் அடித்துக் கொடுத்தேன். முந்நூற்று அறுபது ரூபாய்.
தொழிலில் வஞ்சகம் செய்யவில்லை.
அறுபத்தொன்று எனக்கு.
அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை மட்டும்
கண்ணாடியில் கவிழ்த்து இருநூறு சதவீதம்,
வந்ததை எடுத்து மறுபடி இருநூறு, மறுபடி,
எழுத்தின் ஓரமெல்லாம் கரி பிசிறடித்து
பெரிய தாள் போதாமல் போகும்வரை.
ஒன்பதாவது படிக்கு நேரே சுவரில் ஒட்டினேன்.
அங்கேதான் ஆட்டுவீட்டில் எல்லோரும்
ஒரு நொடி நின்று, யோசித்து, காலைத் தூக்குகிறோம்.

இரண்டாம் கூட்டம் எங்கள் மாடி வராந்தாவிலேயே.
அந்த நாலு பேரும் தட்டவில்லை.
"யார் ஒட்டினது?" என்றார் சார்.
இருபத்திரண்டு குடித்தனமும் ஒழுகும் கூரையைப் பார்த்தது.
சிஸ்டர்தான் எழுந்தாள், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.
"ஒட்டினது கிடக்கட்டும் சார். எழுதினது யாரு?"
அந்த நேரம் பார்த்து கீழே காட்டெருமை ஒன்று
குப்பைத்தொட்டியை உருட்டிவிட, கூட்டம்
அதை வேடிக்கை பார்க்கப் போய்விட்டது.
சார் தன் பஞ்சு மரங்களைத் தானே பெட்டியில் வைத்தார்.

இன்று காலை அதே பையன்.
திருத்திய படிவமாம். மக்கள் கருத்துக்கு மதிப்பாம்.
இடம் இருப்பின் இல்லை. மேலிருந்து கீழ் தேடிவிட்டேன்.
ஆனால் நாலு பக்கம் ஏழாகியிருக்கிறது.
எழுத்து இன்னும் ஒரு சுற்று இளைத்திருக்கிறது.

"காக்கா கடையில டீ குடிச்சிட்டு வா தம்பி,
மெஷின் சூடாகணும்" என்று அனுப்பினேன்.

மெஷின் விடியலிலிருந்தே சூடாகத்தான் இருக்கிறது.