பசை

விடிய நாலரைக்கு நகரசபையிலிருந்து அழைப்பு:
மீன் சந்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்,
வெயில் ஏற முன் சுரண்டிவிடு.

பழைய சாந்தகப்பையும் வாளித் தண்ணீருமாய்ப் போனேன்.
பெயர் போடவில்லை. தேவையுமில்லை.
அந்தச் சிரிப்புக்குக் கீழே
யாரோ கரியால் எழுதியிருந்தார்கள்: கடவுள்.
இன்னொரு கை அதை வெட்டி
வேறொன்று எழுதியிருந்தது. அதைச் சொல்லமாட்டேன்.

மூதூர்ப் படகில் வந்த நஜிமுதீன் காக்கா
பாரைப் பெட்டியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.
ஊரைவிட்டு நடந்த நாளின் வெயில்
அவர் முகத்தில் ஏறியது.
"நல்லாச் சுரண்டு தங்கச்சி."

ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த பரமலிங்கம்
பொய்க்காலை மடக்காமல் நிமிர்ந்தான்.
"கையை மெல்ல வையக்கா."

என் வீட்டில் இரண்டு படங்கள்.
அண்ணன், இவருக்காகத் தானாய்ப் போனவன்.
புருஷன், இவர் ஆட்களிடம் ஒரு கேள்வி கேட்டுத்
திரும்பாதவன்.
எதிரெதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.
விளக்கு வைக்கையில்
ஒருவருக்கு முதுகு காட்டித்தான் ஆகவேண்டும்.

கோட்டைப் பக்கமிருந்து புள்ளிமான்கள் வந்தன.
ஒன்று சுவரை முகர்ந்து
கோதுமைமாப் பசைக்காக
ஓரத்திலிருந்து தின்னத் தொடங்கியது:
தோள், காலர், காது.
காக்கா துரத்தவில்லை. நானும்தான்.
பரமலிங்கம் ஐஸ் துண்டொன்றை எறிந்தான்,
மான் அதையும் நக்கியது.

ஏழு மணிக்கு மேற்பார்வையாளர் வந்தபோது
ஒரு கண் மிஞ்சியிருந்தது.
அதையும் எடு என்றார்.

அழுத்தினேன்.
சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.
இப்போது அங்கே செங்கல் தெரிகிறது,
ஒரு முகத்தின் அளவுக்கு.