பற்று வரவு

வினா பதினான்கு:
பேரிடர் நேர்ந்தால் அண்டை வீட்டாரை எந்த அளவு நம்புவீர்கள்?
ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பெண் இடுக.

எர்மினியா கத்ரிலியோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
கடைக்குள் மண்ணெண்ணெய் நெடி, புளித்த மாவு.
வெளியே வேலியில் கட்டுக்கட்டாய்க் காயும் கடற்பாசி.
கொன்செப்சியோனிலிருந்து மூன்று பேருந்து மாறி
இந்தக் கேள்விக்காக வந்திருந்தேன்.

"எதிர்வீட்டு வித்தாலியானோவுக்கு ஒன்று போடு.
அவன் பன்றி என் உருளைக்கிழங்கைக் கிளறி
ஒன்பது வருடம். முகம் பார்ப்பதில்லை."

போட்டேன்.

"அன்று ராத்திரி என் வீட்டுக்காரரின் ஆக்சிஜன் உருளையைத்
தோளில் போட்டுக்கொண்டு மலையேறியவனும் அவன்தான்.
அப்போதும் பேசவில்லை."

பென்சில் நின்றது.
கட்டத்துக்குள் அடங்காததற்கெல்லாம்
'பிற' என்று ஒரு கோடு விட்டிருக்கிறோம்,
இரண்டு அங்குலம்.

நகராட்சி நட்ட சங்கு ஊதவில்லையாம்;
அதன் பேட்டரி யாருடைய படகிலோ இருந்தது.
பூமி ஆடி நின்றதும் இவள் எடுத்துக்கொண்டு ஓடியது
கடன் நோட்டு ஒன்றைத்தான்.
"வேறென்ன எடுப்பது? என் பணமெல்லாம் அதில்தானே?"

மலைமேல், டார்ச் வெளிச்சத்தில்,
பக்கம் பக்கமாய்ப் படித்திருக்கிறாள்.

ரிக்கெல்மே, சர்க்கரை இரண்டு கிலோ!
இருக்கேன்!
இன்னோஸ்த்ரோசா, மண்ணெண்ணெய் ஐந்து லிட்டர்!
இருக்கேன், வெள்ளிக்கிழமை தந்துடறேன்!
இருட்டுக்குள் யாரோ சிரித்தார்களாம்.
கீழே கடல் பின்வாங்கும் ஓசை,
கூழாங்கல் மூட்டையை இழுப்பதுபோல.

மெத்தெலுஸ், பால்மாவு நான்கு டின்!
பதில் இல்லை.
பால்மாவு என்றால் கைக்குழந்தை.
ஹைதியிலிருந்து வந்து ஆறு வாரம்,
"ஓடு" என்ற சொல்லை இன்னும் கற்காத வீடு.
இரண்டு பேர் இறங்கிப் போனார்கள்.
மூன்றாம் அலைக்கு முன் நால்வராய் ஏறி வந்தார்கள்,
ஒருத்தி செருப்பில்லாமல்,
ஒன்று தூங்கிக்கொண்டே.

நான் வேகமாய் எழுதினேன்.
பேராசிரியர் அல்துனாத்தே மகிழ்ந்துபோவார்,
முறைசாராப் பதிவேடுகளும் சமூகத் தாங்குதிறனும்,
தலைப்பே வந்துவிட்டது.

"அதை எழுதினால் இதையும் எழுது" என்றாள்.
கடைசி வீட்டு ஆசிரியர், தோன் பாவுஸ்தினோ.
எதையும் ரொக்கமாய் வாங்குகிறவர்.
சில்லறை பாக்கியென்றாலும் மறுநாளே கொண்டுவந்து வைப்பார்.
எந்தப் பக்கத்திலும் பெயர் இல்லை.
அவரைக் கூப்பிட வேண்டுமென்று
விடியும் வரை எவருக்கும் தோன்றவில்லை.

பற்று என்று தலைப்பிட்ட பத்தியை
விரலால் மேலிருந்து கீழாகத் தடவினாள்.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது.
ஒரு பாக்கெட் பிஸ்கட் எடுத்தேன்.
பையில் ஆயிரம் பெசோ நோட்டு இருந்தது.
"எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.
என் பெயரை ஒருமுறை கேட்டாள்,
எழுத்துப் பிழையோடு எழுதினாள்.

கணினியில் வினா பதினான்கு, கத்ரிலியோ:
ஒன்று.
இன்னும் மாற்றவில்லை.