குழியின் ஆழம்

தெமட்டகொடையில் அதை மண் என்று சொல்வது
ஒரு மரியாதைக்குத்தான்.
துளைக்குழாய் இறங்கி ஏறியபோது
உள்ளே வந்தது
ஊறவைத்த புகையிலை போல, கறுப்பாய், ஒன்று.
நியாஸ்தீன் முகர்ந்துபார்த்து
"இது இன்னும் மண்ணாகி முடியல்ல, மிஸ்" என்றார்.
இருபத்திரண்டு மீற்றர் போன பிறகுதான்
கீழேயிருந்து டங்கென்று ஒரு பதில்.

அதன்மேல் நிற்க வேண்டும்
ஆறு தடங்கள், ஒரு நீளக் கூரை,
சில்லு கடையும் எந்திரம்,
எண்ணெயைத் தண்ணீரிலிருந்து பிரிக்கும் தொட்டி.
என் பங்குக்கு வந்தது குழி:
ரயில் மேலே நிற்க
ஆள் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் குழி.
ஆயிரத்து நானூறு மில்லிமீற்றர் என்றது கையேடு.
எந்த ஊராருடைய உயரம் அது
என்று எழுதியிருக்கவில்லை.

பழைய ஷெட்டுக்குப் போனேன்.
சோமதிலக வேலை செய்துகொண்டிருந்தார்
கவிழ்த்த மரப்பெட்டி ஒன்றின்மேல் ஏறி.
பெட்டியின் நடுவில் இரண்டு பள்ளம்.
குதிக்கால் தின்ற மரம்.
"எத்தனை வருசமா?"
"இது மூன்றாவது பெட்டி" என்றார்,
வருசத்தை அவர் அப்படித்தான் எண்ணினார்.

அடுத்த சனிக்கிழமை
பாதி எழும்பிய கொங்கிறீட் சுவரோடு
முப்பத்தொரு பிட்டர்களை நிறுத்தினேன்.
கையை உயர்த்துங்கள்.
இன்னும். குதிக்காலைத் தூக்கக் கூடாது.
விரல்நுனியில் ஒரு சுண்ணக்கோடு.
கல்யாண வீட்டுப் படம் போல
எல்லோருக்கும் சிரிப்பு வந்தது.
செபமாலையின் கோட்டுக்கும்
பயிற்சிக்கு வந்த இமேஷாவின் கோட்டுக்கும் இடையே
நாற்பத்தொரு சென்ரிமீற்றர்.
சராசரி எடுத்தேன்.
அந்தச் சராசரி ஆள்
அங்கே வேலையில் இல்லை.

ஆகவே சுவரில் மூன்று வெட்டு,
ஏற்றி இறக்க இரும்பு நடைபலகை.
அருட்பிரகாசம் விலைப்பட்டியலின் மேலாகக்
கண்ணாடியைத் தள்ளிவிட்டுக் கேட்டார்:
"பிள்ளை, ஆளுக்கொரு பெட்டி வாங்கிக் குடுத்தா
முடிஞ்சுது தானே?"
அந்தக் கணக்கு சரி. அதுதான் கஷ்டம்.
நான்கு கூட்டம், பதினொரு கடிதம்.
கடைசியில் கையெழுத்து வந்தது,
ஏன் என்று இன்றுவரை தெரியாது.
களைத்திருப்பார்கள்.

மே மாதம் மழை.
கால்வாய் திரும்பிப் பார்த்தது.
வெளியே போகச் சொல்லி நான் சரிவு கொடுத்த வழியால்
அது உள்ளே வந்தது.
தண்ணீரைத் தடுக்கும் ஒருவழிக் கதவு
துறைமுகத்தில், சுங்கத்தில்,
ஒரு முத்திரைக்குக் காத்திருந்தது.
கதவு வருமுன் மழை வந்தால்
என்ற வரியை நான் எழுதவில்லை.
இரண்டாம் குழியில் கபரகொயா ஒன்று
முழு நீளத்துக்கும் நீந்திப் பார்த்துவிட்டு
எந்தக் குறையும் சொல்லாமல் ஏறிப் போனது.
இறைத்து முடிய மூன்று நாள்.
சுண்ணக்கோடுகள் போய்விட்டன,
எண்கள் மட்டும் என் நோட்டில்,
பெயர்களோடு.

முதல் ரயில் வந்தது இரவில்,
அவிசாவளைச் சேற்றைக் காலில் பூசிக்கொண்டு.
அத்தனை தொன்னும் எங்கள் தலைக்குமேல்
மெல்ல வந்து நின்றது.
கூரை அசையவில்லை. நிலம் அசையவில்லை.
என் முழங்கால் கொஞ்சம்.
இமேஷா பலகையை மேல் வெட்டுக்கு ஏற்றினாள்,
சோமதிலக நடுவெட்டுக்கு.
அவருடைய கை போனது,
பிரேக் கட்டையின் ஆணியைத் தொட்டது.
அவ்வளவுதான் நடந்தது.

நான் ஏதோ ஒரு சொல்லுக்குக் காத்திருந்தேன் போலும்.
"மிஸ், இந்த லைட்
இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றார்.
எழுதிக்கொண்டேன்:
நாலாம் விளக்கு, இடப்பக்கம், இருநூறு மில்லிமீற்றர்.

மரப்பெட்டியை அவர் எறியவில்லை.
தண்டவாளத்துக்கு அப்பால் வைத்திருக்கிறார்,
தேத்தண்ணி குடிக்க.
குந்தினால்
அந்த இரண்டு பள்ளமும் பொருந்தாதாம்,
அவை பாதத்துக்கு.