லக்கேஜ் டிக்கெட்

படத்தில் இருப்பது ஒரு ஆடு.
தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகிற டவுன் பஸ்ஸில்
பெண்கள் பக்கம், ஜன்னலோரம்,
முன்னங்கால் இரண்டையும் கம்பியில் ஊன்றி
வில்லுக்குறியை வேடிக்கை பார்க்கிறது.
மேலே மஞ்சள் எழுத்தில்:
"பொம்பளைன்னா ஃப்ரீ தானே, நானும் பொட்டைதான்."

மூன்று நாள் மாவட்டமே சிரித்தது.
குடும்ப வாட்ஸப்பில் சித்தப்பா போட்டார்,
கூடப் படித்த ஒரு டாக்டர் போட்டான்,
ஜெபக் குழுவிலும் வந்தது,
பின்னாலேயே ஒரு வசனமும்.

நான் சமூகவியல். ஆய்வில் நாலாம் வருஷம்.
உதவித்தொகை நின்று ஏழு மாதம்.
எனக்கு ஒரு கட்டுரை தேவைப்பட்டது.

எழுதினேன்:
இது ஆட்டைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பல்ல.
அண்டியாபீசுக்குப் போகிறவள்
கருத்த விரலால் மிச்சம் பிடித்த
இருபது ரூபாயைப் பார்த்துச் சிரிப்பது.
அவள் வரியில் ஓடும் வண்டியில்
அவளையே ஓசி என்று சொல்ல வைப்பது எதுவோ
அதன் பெயர் கருத்தியல்.

பிறகு பார்வை:
கோணம் பின்படிக்கட்டு, தோள் உயரம்.
எடுத்தவன் ஆண். எடுக்கப்பட்டது பெண்கள் இருக்கை.
இடையில் இருந்த ஆடு ஒரு சாக்கு.

பிறகு வரலாறு:
மேல்முண்டு போட்டவளைத் தெருவில் வைத்துக் கிழித்த மண் இது.
எந்த உடம்பு எங்கே உட்காரலாம்
என்ற கேள்வி இங்கே இன்னும் இறங்கவில்லை,
நின்றுகொண்டே வருகிறது.
அடிக்குறிப்பு பதினொன்று.

கைடு சிவப்பு மையில் எழுதினார்:
"நன்று. ஆட்டின் தரப்பு எங்கே?"
கேலியா என்று தெரியவில்லை.
இப்போது அதற்கும் ஒரு கோட்பாடு இருக்கிறது.

கட்டுரையில் நான் எழுதாதது:
படத்தின் இடது ஓரத்தில்
வெட்டுப்பட்டு நிற்கிற நீலக் குடைக்காம்பும்
ஒரு முழங்கையும்
என்னுடையவை.

ஆட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஏசுவடியாள்.
அவரை முழுசாகவே வெட்டிவிட்டார்கள்.
கயிறு மட்டும் இருக்கிறது,
படத்துக்கு வெளியே எங்கோ போகிற கயிறு.

"சக்கப்பழத்த ஒத்தைக்கித் தின்னுட்டு மக்ளே,
வயறு ஊதிப் போச்சு.
ஆட்டோக்காரன் முந்நூறு கேக்கான்."
வேடிக்கை எதுவும் பார்க்கவில்லை அது.
மூச்சு முட்டி, காற்றுக்கு ஏறி நின்றது.

கண்டக்டர் ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தார்.
கடைசியில் ஏசுவடியாளுக்குக் கட்டணமில்லாச் சீட்டு,
ஆட்டுக்கு லக்கேஜ்.
முந்தியை அவிழ்த்துப் பதினாறு ரூபாய் எண்ணிக் கொடுத்தார்.
எங்கள் பக்கம்
காசு கொடுத்துப் பயணம் செய்த ஒரே பெண்
அந்த ஆடு.

பார்வதிபுரம் பாலத்தில் வண்டி ஏறும்போது
ஒரு ஏப்பம் விட்டது பாருங்கள்,
டிரைவர் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தார்.
மொத்தப் பஸ்ஸும் சிரித்தது,
பெண்கள்தான் முதலில்,
ஏசுவடியாள் கண்ணில் தண்ணி வர,
நான் குடையில் நெற்றியை முட்டிக்கொண்டு.
அந்த நொடியில்தான் எவனோ எடுத்திருக்கிறான்.

அந்தச் சிரிப்பை எந்த அத்தியாயத்தில் வைப்பது?
இரண்டு வாரமாக
தலைப்பை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன்,
எல்லாத் தலைப்பும் அதைவிட
நல்ல சட்டை போட்டிருக்கிறது.

"எவ்வளவு போட்டிருக்கான் பாரு பிள்ளே"
என்று அவர் நீட்டிய சீட்டு
என் கையிலேயே தங்கிவிட்டது.
கைடுக்குப் பதில் எழுதினேன்:
ஆட்டின் தரப்பு, பதினாறு ரூபாய்.
சீட்டு இணைக்கப்பட்டுள்ளது.

ஆடு பிழைத்ததா என்று
அந்தப் படத்தை அனுப்பிய யாரும் கேட்கவில்லை.
அண்ணா பஸ் ஸ்டாண்டில் கயிற்றைப் பிடித்து இறக்கி
"ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?" என்றார்.
கை நீட்டிக் காட்டினேன்,
குடை பிடித்த கைதான்.
லைப்ரரி பத்து மணிக்குத் திறக்கும்.
மணி பத்தே கால்.