சாம்பல் கப்பல்கள்

ஷார்ஜாவிலிருந்து மச்சான் கொண்டுவந்த பெட்டி.
கடையநல்லூரில் அதற்கு வாய்த்தது
ஒரு கருப்பு வெள்ளை டிவி.
பச்சையைச் சுடு, சிவப்பை விடு,
சிவப்பில் வருவது நம்மாட்கள் என்று
அட்டையில் போட்டிருந்ததை
செய்யது மசூது எழுத்துக்கூட்டிச் சொன்னான்.
திரையில் எல்லாமே சாம்பல்.

"எல்லாத்தையும் சுடுல!"
சுட்டோம்.
ஒன்பதாயிரத்து நானூறு.
கட்டைவிரல் கொப்பளித்துப்போயிற்று.

பாவு நூலில் அறுந்த இழை தேடுகிற கண்ணோடு
ரைஹானா ராத்தா கிட்ட வந்து குந்தினாள்.
"சிலது எறங்கும்போது லேசா நடுங்குது, பாத்தியா?"
குச்சியை வாங்கிக்கொண்டாள்.
நடுங்கியதையெல்லாம் விட்டாள்.
ஒவ்வொன்றாய் அவை
கீழ்விளிம்பைத் தொட்டு
எங்கேயோ போய்ச் சேர்ந்தன.

நானூற்றிச் சொச்சத்தில் கரண்ட் போனது.

இருட்டுக்குள்
"ஒன் ஸ்கோர் எத்தனைல?" என்றான் மசூது.
நான் விசிறியைத் தேடிக்கொண்டிருந்தேன்.