3-சி

உரிமம் கீழே, தபால் பெட்டிகளுக்கு மேல்,
கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.
பதினெட்டு வீடுகள். பிப்ரவரியோடு காலாவதி.
கையெழுத்து என்னுடையதுதான்.
அன்று ஜூலை மாதம்.
ஜூலையில் எல்லாக் கட்டடமும் தேறிவிடும்.

இன்று வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று,
எங்கள் ஊர்க் கணக்கு பாரன்ஹீட்.
ஏரி எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது
என்று நகராட்சிக்கே தெரியாத வெள்ளை.

வீட்டுக்காரர் ரோல்ஃப் ட்வெட்டன்
சாவிக்கொத்தோடு எனக்கு முன்னே ஏறுகிறார்.
முழங்கால் வலி.
படிக்குப் படி கைப்பிடியைப் பற்றுகிறார்,
கைப்பிடி ஆடுகிறது,
எழுதிக்கொள்கிறேன்.
"சனிக்கிழமை சரிசெய்துவிடுவேன்."
எந்தச் சனிக்கிழமை என்று கேட்கவில்லை.
எழுபத்திரண்டு வயது மனிதர்
அதே கைப்பிடியை நம்பித்தான் ஏறிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் மாடியில் கதவைத் திறந்தவள் கெபே.
முதியோர் இல்லத்தில் இரவுப் பணி;
சீருடையைக்கூட இன்னும் மாற்றவில்லை.
லைபீரியாவிலிருந்து வந்து ஒன்பது குளிர்காலம் ஆயிற்று என்றாள்,
ஆண்டுகளை அவள் அப்படித்தான் எண்ணுகிறாள்.
தரையெல்லாம் எலுமிச்சை வாசனை.
அதற்கு அடியில், தயங்கித் தயங்கி,
ஈரத்தின் வாசனை.

புகைமணி கத்தியது. நல்லது.
மின்துளைகளில் இரண்டு செத்தவை.
ஜன்னல் பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டு
எந்தப் பக்கமும் நகர மறுத்தது.
சமையலறையில் ஓவன் கதவு பாதி திறந்திருந்தது,
உள்ளே வேகவைக்க எதுவும் இல்லை.
வெப்பமானியைச் சுவரோரம் பிடித்தேன்.
அறுபத்தெட்டு இருக்க வேண்டும்.
ஐம்பத்தொன்பது.

"எங்களுக்குக் குளிரவே இல்லை" என்றாள் கெபே,
நான் கேட்பதற்கு முன்பே.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப்
பதினான்கு ஆண்டுகளாகப் பார்க்கிறேன்.
வீட்டுக்காரர்கள் பெயின்ட் அடித்து மறைப்பார்கள்.
வாடகைக்காரர்கள் பீரோவை நகர்த்தி மறைப்பார்கள்.
படுக்கையறையில் பீரோ
ஜன்னலில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது.
தரையில் அது இழுபட்ட கீறல் இன்னும் புதிது.

ஆறு வயது சாயே கட்டிலில் உட்கார்ந்து
காலுறை மாட்டிக்கொண்டிருந்தான்.
"அதுக்குப் பின்னால கரடி இருக்கு.
கிறிஸ்துமஸுக்குக் காது மட்டும்தான் இருந்தது.
இப்ப நாலு காலும் வந்துடுச்சு."
கெபே அவனை அதட்டவில்லை.
கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

நானும் ட்வெட்டனும் சேர்ந்து பீரோவை நகர்த்தினோம்.
கரடிதான்.
கறுப்பு, மயிர் அடர்ந்தது,
மூக்குப் பக்கம் ஈரம்.

இருமல் இருக்கிறதா என்று பையனைக் கேட்டேன்.
"ராத்திரி மட்டும்."

பிறகு அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்:
மில் தெருவில் சிவப்புக் கட்டடம்,
போன ஆண்டு நகரம் உரிமத்தைப் பிடுங்கியது.
பாதுகாப்புக்காக, என்று கதவில் ஒட்டினீர்கள்.
என் தோழி ஹாவா இரண்டு மாதம்
பிள்ளைகளோடு காரில் பாதுகாப்பாக இருந்தாள்.

அந்தக் காகிதத்தை ஒட்டியவன் நான்.
குளிரில் டேப் ஒட்டாமல்
மூன்று முறை உள்ளங்கையால் அழுத்தியது நினைவிருக்கிறது.

ட்வெட்டன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.
கொதிகலனுக்கு என்ன விலை என்று
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
"விற்றுவிட வேண்டியதுதான்" என்றார்,
யாரிடம் என்றில்லாமல்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்: தேறியது, தேறவில்லை.
கீழே, பொடி எழுத்தில், மூன்றாவது:
நிபந்தனையோடு, முப்பது நாள்.
பேனா மை உறைந்திருந்தது.
ஓவன் அருகே போய்ச் சூடு காட்டி எடுத்துவந்து
எல்லாவற்றையும் எழுதினேன்:
சுவர், ஜன்னல், ஐம்பத்தொன்பது.
கரடி என்று எழுதவில்லை.
மூன்றாவது கட்டத்தில் குறியிட்டேன்.
அது கருணையா,
தள்ளிப்போடலா என்று
மேலதிகாரி கேட்டால் சொல்ல
என்னிடம் பதில் இல்லை.

மார்ச் பதினொன்று, காலை ஒன்பது மணி, என்றேன்.
கெபே குளிர்பதனப் பெட்டியின் மேலிருந்த
நாட்காட்டியைப் புரட்டினாள்.
"நீங்கள் வரும் நாளா, நாங்கள் போகும் நாளா?"

வரும் நாள், என்றேன்.

அவள் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள்.
இரண்டுக்கும் பொருந்துகிற அளவில்.