ஒரு வாரப் பொய்

போன ஞாயிறு நான் குதிக்கவில்லை.
இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

காமலாபுரம் ஓடுபாதையிலிருந்து நாலு பேர் ஏறினோம்.
மூன்று பேர் குதித்தார்கள்.
என் முறை வந்தபோது
வலது கால் படிக்குப் போயிற்று,
இடது கால் வர மறுத்துவிட்டது.
நஃபீசா, என்னைவிடப் பதினேழு வயது சின்னவள்,
என் முழங்காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.
கதவைச் சாத்தினாள்.
குதிக்கப் போன விமானத்திலேயே
உட்கார்ந்தபடி தரையிறங்கினேன்,
முதுகில் பிரிக்காத பாராசூட்டோடு.
பைலட் கடலைமிட்டாய் நீட்டினார்.
வாங்கித் தின்றேன். அதுவும் நடந்தது.

திங்கட்கிழமை சேகோ ஆலையில்
லெட்ஜரைத் திறப்பதற்குள் சூழ்ந்துகொண்டார்கள்.
"அக்கா, குதிச்சீங்களா?"
தலை ஆடிவிட்டது.
எந்தப் பக்கம் ஆடியது என்று
பிறகுதான் நானே கவனித்தேன்.
"எப்படி இருந்துச்சு?"
"பஞ்சு மாதிரி."
எடைமேடை மாதேசன் கைதட்டினான்.
எல்லாருக்கும் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன்,
பூண்டுக் காரம் தூக்கலாக. நூற்று எண்பது ரூபாய்.
பொய்க்கும் வவுச்சர் உண்டு.

ஏழு நாள் அந்தக் கணக்கு நேராகவில்லை.
ராத்திரியில் கட்டிலிலிருந்து குதித்துப் பார்த்தேன்:
முழங்கால் சேர்த்து, தாடை இறுக்கி, பக்கவாட்டில் உருண்டு.
கீழ்வீட்டுத் தனபாக்கியம்
விளக்குமாற்றால் கூரையைத் தட்டினாள்.

இந்த ஞாயிறு.
பயம் போய்விட்டதா என்றால், இல்லை.
எனக்கு முன்னால் ஏறி, ஜன்னலோரம் பிடித்திருந்தது.

ஏற்காடு பஸ்ஸில்
பதினோராவது கொண்டை ஊசி வளைவுக்கு
வாந்தி எடுப்பவள் நான்.
கதவு திறந்தபோது
ஏற்காடு என் கண் மட்டத்தில் நின்றது,
ஒரு வளைவும் இல்லாமல்.
படியில் கால். இறக்கையைத் தாங்கும் கம்பியில் இரண்டு கை.
கம்பியில் பெயின்ட் உரிந்த இடம்
மரவள்ளி இலை மாதிரி இருந்தது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நஃபீசா ஏதோ கத்தினாள், காற்று பிடுங்கிக்கொண்டது.
தைரியம் என்று எதுவும் வரவில்லை.
விரல் வலித்தது. விட்டேன்.

ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று எண்ண வேண்டும்.
நான் கத்தியது
நூற்று எண்பது, நூற்று எண்பது.

பஞ்சு இல்லை.
யாரோ சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாற்போல் ஒரு வெட்டு,
மூக்கு ஒழுகியது, இடது காது அடைத்தது,
பிறகு சத்தம் நின்றுவிட்டது.
கரண்ட் போய் அரவை மிஷின் நிற்கும்போது
ஆலையில் ஒரு கணம் இருக்குமே,
அது.

கீழே சேகோ காயும் களங்கள்,
வெள்ளை வெள்ளையாய்.
எந்தக் களத்தில் எத்தனை மூட்டை தேறும் என்று
பாட்டுக்கு எண்ண ஆரம்பித்திருந்தேன்.
பயத்தை எங்கோ வைத்து மறந்துவிட்டேன் போல.
ஒரு நாய் குரைத்தது.
அவ்வளவு உயரத்துக்கு நாய்க்குரல் ஏறிவரும் என்று
பயிற்சியில் யாரும் சொல்லவில்லை.
இன்னும் இறங்க, புளித்த மரவள்ளி வாடை,
இருபது வருஷமாய் மூக்கைச் சுளித்த வாடை,
நேரே என் முகத்துக்கு வந்தது.
ஆழ இழுத்துக்கொண்டேன்.

"இடது இழுங்க, இடது!" ஹெல்மெட்டுக்குள் ரேடியோ.
வலது இழுத்தேன்.
யாருடைய சோளக்காட்டிலோ,
கற்றபடி உருளாமல், தொப்பென்று உட்கார்ந்தேன்.
ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் வந்து பார்த்தார்.
"அடி கிடி பட்டுச்சாம்மா?"
"இல்லீங்க."
"அப்புறம் எதுக்கு அழுவறீங்க?"

நாளை திங்கள்.
யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்,
போன வாரமே சொல்லியாகிவிட்டது.
அந்த நாயை, அந்த வாடையை
இனி யாரிடம் கொண்டுபோய் வைப்பேன்?

இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருக்கிறது.
நாற்காலியில் சாய்ந்துதான் உட்கார வேண்டும்.
மாதேசன் கேட்டால்
பஸ்ஸில் இடித்துக்கொண்டேன் என்பேன்.